அமைச்சர் இம்தாத் அலியின் ஏந்திய கைகள்

சிந்து மாகாணப் பாசனத்துறை அமைச்சர் இம்தாத் அலியின் கைகள் பதினோரு வருடம் கீழே இறங்கவில்லை. நெஞ்சுக்கு நேராக, உள்ளங்கைகள் வானம் பார்த்தபடி நின்றன. அவை அப்படி நின்றுபோன வருடம்தான் கோதுமை விலையும் ஏறியது.

எங்கள் தொகுதியில் சாலை போட்டு யாரும் ஓட்டு வாங்கியதில்லை. சாவு வீட்டுக்கு வந்துதான் வாங்குவார்கள். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் மூன்றாம் நாளுக்குள் இம்தாத் அலியின் வண்டி வந்துவிடும். இறங்குவார், கை ஏந்தி, இறந்தவருக்காகப் பாத்திஹா ஓதுவார், முடிந்ததும் அந்தக் கைகளால் முகத்தைத் தடவிக்கொள்வார், அடுத்த ஊருக்குப் போவார். மூன்று கட்சி மாறியும் தோற்காத மனிதர். படகோட்டி அச்சர் இறந்தபோதும் வந்தார். துக்கத்துக்கு வந்த கூட்டம் பக்கத்து வீட்டு வாசல்வரை நிரம்பியிருந்ததால் வண்டி அங்கே நின்றுவிட்டது. "யார் வீடு இது?" என்று கேட்டார். "சான்வல் வீடு, சாயின்" என்றார்கள்; பெரிய மனிதரை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம். செத்தது யார் என்று கேட்கவில்லை. சான்வலின் பாவங்களை மன்னிக்கும்படி கை ஏந்திவிட்டார். பெரிய மனிதர் ஏந்திய பிறகு மற்றவர் சும்மா இருப்பது மரியாதையா? எல்லோரும் ஏந்தினார்கள். சான்வலும் ஏந்தி, தனக்குத்தானே ஆமீன் சொன்னான். பிறகுதான் தயங்கித் தயங்கி, "சாயின், சான்வல் நான்தான். இன்னும் சாகல" என்றான்.

இம்தாத் அலி முகத்தைத் தடவாமலே வண்டியேறினார். வெட்கத்தில் அச்சர் வீட்டுக்கும் போகவில்லை. அன்று ஏந்திய கைதான்.

கராச்சி வைத்தியர்களால் ஒன்றும் முடியவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள், "ஏந்தின கை வாங்காமலா இருக்கும்?" என்று கேலி செய்தார்கள். ஜனங்களோ, தங்களுக்காக இரவும் பகலும் இறைவனிடம் துஆ கேட்கும் மனிதர் என்று ஓட்டைக் கொட்டினார்கள். அப்படித்தான் அமைச்சரானார். கோப்புகளைத் தூக்கிவந்து அவர் கட்டைவிரலில் ஒற்றினார்கள். சோற்றை வேலைக்காரன் ஊட்டினான்.

மகள் மஹ்தாபுக்குக் கல்யாணம் வந்தது, தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு. "பாபா, தலையில கை வைக்காம என்னை அனுப்பினா நான் வாசல் தாண்ட மாட்டேன்" என்றாள் அவள். செயலாளர் தில்தார் பதறினான். "சாயின், கை இறங்கினா ஓட்டும் இறங்கிடும். தேர்தல் முடியட்டும், நிக்காவைத் தள்ளி வைங்க."

"உனக்குப் பொண்ணு இருக்காளாடா?" என்று கேட்டுவிட்டு, இம்தாத் அலி சான்வலைத் தேடிப் போனார்.

சான்வல் டீயை ஊதி அவர் வாயில் வைத்தான். "எனக்கு ஓதினது வீணாப் போகாது சாயின், என்னைக்காவது ஆகும். பக்கத்து வீட்டுல போய்ப் பாருங்க. நீங்க வருவீங்கன்னு பாக்பரி இன்னும் பாயை மடிக்கல."

அச்சரின் மனைவி பாக்பரி துக்கப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று இவருக்காக ஊற்றி வைத்த டீயில் இன்னும் ஆவி பறந்தது.

"பக்கத்து வாசலுக்கு வர இவ்வளவு வருஷமா சாயின்?"

"தப்பான வீட்டுக்குப் போயிட்டேன் தாயே. சொல்ல வெட்கமா இருந்துச்சு" என்று அழுதார் இம்தாத் அலி. அச்சரின் பெயரைச் சொல்லி ஓதினார். அவள் ஆமீன் சொன்னாள். கைகள் அவர் முகத்தைத் தடவிவிட்டு மடியில் இறங்கின. பாக்பரி பாயை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

மஹ்தாபின் தலையில் கை வைத்தார். "கனமா இருக்கு பாபா" என்றாள். எடுக்கப் போனபோது விடவில்லை.

தேர்தலில் தோற்றார். "எங்க சாயினுக்குக் கை இறங்காதே, இவரு யாரு?" என்று கேட்டார்கள் ஜனங்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஓட்டு எண்ணிய அன்று அவர் மகள் வீட்டில் பல்லா மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தன் கையாலேயே முள் எடுத்து.