செடியைப் பிடித்த கைகள்

இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் ஜெபமலரைப் போலத் திடுக்கிடுகிறவள் வேறு யாருமில்லை. பக்கத்து லயத்து வீட்டில் தகரம் விழுந்தாலும் துள்ளுவாள். அவளுக்கு அடுத்த நிரையில் கொழுந்து பறிக்கும் சிவசக்தியே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மே மாதத்தில் ஒரு காலை, மேல் நிரையில் யாருடைய கையோ குளவிக்கூட்டில் பட்டுவிட்டது. எல்லோரும் கூடையை உதறிவிட்டு ஓடினார்கள். சிவசக்தியும் ஓடினாள். நாலு எட்டு வைப்பதற்குள், மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானுக்குள் விழுந்ததில் கால் மடங்கிப்போனது. எழும்ப முடியவில்லை. முதல் குளவி கழுத்தில் கொட்டியதும் அவள் கைகள் அவளைக் கேட்காமலே வீசி அடிக்கத் தொடங்கின. அடிக்க அடிக்கக் குளவிகள் கூடின.

தப்பிப்போயிருந்த ஜெபமலர் திரும்பி வந்தாள். செடி கீறாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குச் சாக்கை அவிழ்த்துச் சிவசக்தியை மூடி, அதன்மேல் தானும் கவிழ்ந்து படுத்தாள்.

"அசையாத. என் மூச்ச மட்டும் எண்ணு" என்றாள்.

சிவசக்தி எண்ணினாள். ஒவ்வொரு கொட்டுக்கும் மேலே கிடந்த உடம்பு வெட்டி இழுத்தது. ஆனாலும் ஒரு கைகூட எழும்பவில்லை. நாற்பதில் கணக்குத் தப்பியது, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். மூன்றாம் முறை எண்ணும்போது இரைச்சல் குறைந்தது. ஆட்கள் புகை போட்டுக்கொண்டு வந்து இருவரையும் தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஜெபமலரின் முதுகில் பதினேழு இடம் தடித்திருந்தது.

"ஒனக்குப் பயமே வரலியா?" என்று சிவசக்தி கேட்டாள்.

"வராம என்ன. கை தானா அடிக்கத்தான் போச்சு. வேணாம்னு சொன்னா அது கேக்குமா? அதான் ரெண்டு கையாலயும் கான் ஓரத்துத் தேயிலச் செடியோட அடியப் புடிச்சுக்கிட்டேன். புடிச்சிருக்கிற கை அடிக்காதில்ல."

சிவசக்தி அந்தக் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து, மரப்பட்டை கீறிய தடம் பதிந்திருந்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள். தன் கைகள் தன் பேச்சைக் கேட்காமல் வீசியது சிவசக்திக்கு நினைவுக்கு வந்தது. சீப்பை எடுத்து, கை தூக்க முடியாதவளுக்குத் தலை சீவிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பிய அன்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சிவசக்தி ஒன்று விடாமல் சொன்னாள். கங்காணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஜெபமலருக்குக் கூச்சமாகிவிட்டது.

"போதும் வா, நேரமாகுது" என்று கூடையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.