தன் வீட்டின் மேல் ஒரு முறைப்பாடு

எங்கள் தீவுப் பிரதேச சபைக் கந்தோருக்குக் கொம்பியூட்டர் வந்தது 2005ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில். ஒரு வெளிநாட்டு நிறுவனம் இரண்டு மெஷின்களைத் தந்தது. கட்டட அனுமதி, வியாபார அனுமதி, பரிசோதனை, பொதுமக்கள் முறைப்பாடு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருள் ஒன்றையும் சேர்த்துத் தந்தது. தட்டச்சுப் பரீட்சையில் சித்தியடைந்திருந்தபடியால் என்னை அதற்கு முன்னால் இருத்தினார்கள். நான் அப்போது தற்காலிக எழுதுவினைஞர். பெயர் சிவலட்சுமி, ஊர் தோட்டவெளி. நிரந்தர நியமனத்துக்கான என் கடிதம் பெரிய கிளாக்கர் அமிர்தநாயகம் ஐயாவின் மேசை லாச்சிக்குள் பதினொரு மாதமாகக் கிடந்தது.

முதல் வேலை, வீடு காணிகளின் பழைய ஆதனவரிப் பதிவேட்டை மெஷினுக்குள் ஏற்றுவது. எருக்கலம்பிட்டிப் பக்கங்களுக்கு வந்தபோது ஒரு சிக்கல். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் அங்கிருந்த முஸ்லிம் குடும்பங்களை இயக்கம் துவக்கோடு வந்து ஊரைவிட்டுப் போகச் சொன்ன பிறகு, அப்போதிருந்த எழுதுவினைஞர் கட்டட விவரம் எழுதும் கட்டங்களில் வீட்டுக்கு வீடு சிவப்புப் பென்சிலால் ‘ஆளில்லை’ என்று எழுதி வைத்திருந்தார். மென்பொருளில் அந்த இடத்துக்கு மூன்று தெரிவுகள்தான்: வீடு – குடியிருப்பு, வியாபார நிலையம், வெற்றுக்காணி. நான் எழும்பிப்போய் பெரிய கிளாக்கரைக் கேட்டேன். ஆள் இல்லாவிட்டால் வெற்றுக்காணிதானே, போட்டுக்கொண்டு போ என்றார். போட்டேன். முந்நூற்றுப் பதினெட்டு வீடுகள். மூன்று நாளில் முடித்தேன். ஒரு எழுத்துப் பிழையும் இருக்கவில்லை என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அடுத்த ஆண்டு புரட்டாதியில் உம்மு ஸல்மா வந்தார். ஐம்பது கடந்த மனுசி. புத்தளத்து முகாமில் பதினாறு வருடம் இருந்து, புருசன் அபூசாலியை அங்கேயே அடக்கிவிட்டு, மகள் ஸுஹறாவைக் கலியாணம் செய்து கொடுத்துவிட்டுத் தனியே திரும்பி வந்திருந்தார். முருகைக்கல் சுவர் மூன்று பக்கம் நிற்கிறது, கூரை போட்டால் போதும், திருத்த அனுமதி தாருங்கள் என்று கேட்டார். அந்த நாட்களில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. சபையின் கடிதம் இல்லாமல் ஒரு மூடை சீமெந்தும் பாலத்துச் சோதனைச்சாவடியைத் தாண்டித் தீவுக்குள் வராது. கார்த்திகை அடைமழைக்கு முன் கூரை ஏறாவிட்டால் நிற்கிற சுவரும் விழுந்துவிடும். அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு கடிதம்.

காணி இலக்கத்தை அடித்தேன். வெற்றுக்காணி என்று வந்தது. திருத்த அனுமதிப் படிவத்தைத் திறக்கவே மெஷின் மறுத்துவிட்டது. கட்டடம் இல்லாத காணியில் எதைத் திருத்துவது?

புதுக் கட்டடம் என்று விண்ணப்பிக்கலாமா என்று பார்த்தேன். அதற்கு ஒழுங்கை இருபதடி அகலம் இருக்க வேண்டும். அவருடைய ஒழுங்கை எட்டடி. அந்த ஊரில் எல்லா ஒழுங்கையும் எட்டடி. பதிவைத் திருத்தலாமென்றால், ஏற்றி முடித்த பதிவுகள் பூட்டப்பட்டுவிட்டன. இறுதிப் பரிசோதனை அறிக்கை ஒன்று வந்தால் மட்டும் பூட்டுத் திறக்கும். பரிசோதனைக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தரை, எங்கள் பேச்சில் ரி.ஓ.வை, அனுப்ப வேண்டுமென்றால் விண்ணப்பம் ஒன்று நடப்பில் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டடம் வேண்டும்.

இதையெல்லாம் நான் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக விளங்கப்படுத்தினேன். அவர் கதிரையில் இருந்து கேட்டார். பிறகு கைப்பையிலிருந்து காணி உறுதியை எடுத்து மேசையில் விரித்தார். அவர்கள் ஊர் வழக்கப்படி பெண்ணுக்குத்தான் வீடு. தகப்பன் கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை வந்து குடியேறுவார். உறுதியில் ஜவாஹிர் மகள் உம்மு ஸல்மா என்று அவருடைய பெயரே இருந்தது. வீட்டின் நீள அகலமும் இருந்தது.

“இது வெற்றுக்காணி எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது, புள்ள?”

நான்தான் போட்டேன் என்றேன். வேறு எதைச் சொல்வது?

அவர் ஏசவில்லை. உறுதியை மடித்துக்கொண்டே, ரி.ஓ. ஐயா ஊருக்குள் வந்து பார்ப்பதற்கு வேறு வழியே இல்லையா என்று கேட்டார். முறைப்பாடு ஒன்று வந்தால் போய்த்தான் ஆக வேண்டும் என்றேன். குப்பை, கட்டாக்காலி மாடு, அடைபட்ட வாய்க்கால், விழுகிற நிலையில் உள்ள கட்டடம் எதுவாக இருந்தாலும் பதினான்கு நாளுக்குள் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். முறைப்பாட்டுக்குக் காணி இலக்கம் தேவையில்லை. இடத்தைச் சொன்னால் போதும். பிந்தினால் திரையில் அந்த வரி சிவப்பாகும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரெலிபோன் வயரை மாட்டி எங்கள் கணக்கைக் கொழும்புக்கு அனுப்புவோம். சிவப்பைக் கண்டால் அந்த நிறுவனத்துக்காரர் திங்கள் காலையில் பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

“முறைப்பாடு ஆரும் குடுக்கலாமா?”

“ஓம் லாத்தா, ஆரும் குடுக்கலாம்.”

“அப்ப எழுதுங்கோ. என்ட வீட்டுச் சுவர் ஒழுங்கைப் பக்கம் சரிஞ்சு நிக்குது. சனத்துக்கு மேல விழப் பாக்குது. உம்மு ஸல்மாட வீட்டுக்கு மேல உம்மு ஸல்மா முறைப்பாடு.”

சபையில் அதுவரைக்கும் தன் வீட்டின் மேல் தானே யாரும் முறைப்பட்டதில்லை. முறைப்பாடு என்றாலே பக்கத்து வீட்டுக்காரனின் மேல்தான். நான், இது பிழையாகப் போனால் வீட்டை இடிக்கச் சொல்லி அறிவித்தல் வரும் லாத்தா என்று எச்சரித்தேன். வரட்டும் என்றார். இடிக்கச் சொல்வதற்காவது முதலில் வீடு இருக்கிறது என்று அவர்கள் எழுத வேண்டுமே என்றார். நான் அடித்தேன். இலக்கம் விழுந்தது. அதைத் துண்டில் எழுதிக் கொடுத்தேன், முத்திரையும் குத்தினேன்.

பின்னேரம் அமிர்தநாயகம் ஐயா வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றார். செய்தி அவருக்கு எப்படியோ போய்விட்டது. முதலில் சிரித்தார். பிறகு, இது கொழும்புக்குப் போனால் முந்நூற்றுப் பதினெட்டும் வெளியில் வரும், முறைப்பாட்டை ரத்துச் செய் என்றார். ரத்துச் செய்ய மெஷின் காரணம் கேட்கும். காரணங்களும் மூன்றுதான்: ஏற்கெனவே பதியப்பட்டது, எல்லைக்கு வெளியே, அவ்வாறான கட்டடம் இல்லை. மூன்றாவதைத் தெரிவு செய் என்றார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“என்ன, காது கேக்கேல்லையோ?”

“கேக்குது ஐயா. ஒருக்கால் பிழையாப் போட்டது நான்தான். ரெண்டாந்தரம் போடமாட்டன்.”

“உம்மட நியமனக் கடிதம் ஆரிட்டக் கிடக்குது தெரியும்தானே?”

“உங்கட லாச்சிக்குள்ள, ஐயா. மேலிருந்து ரெண்டாவது.”

கந்தோரில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு பைல் புரட்டினார்கள். அவர் என்னை எழும்பச் சொல்லிவிட்டுத் தானே கதிரையில் அமர்ந்தார். மௌஸைப் பிடித்து மேசை முழுக்க இழுத்தார். அம்புக்குறி ஒரு மூலைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. கொம்பியூட்டர் வந்து ஒரு வருடத்தில் அவர் அதைத் தொட்டது அன்றைக்குத்தான். கால்மணி நேரத்துக்குப் பிறகு, நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழும்பிப் போனார். அந்த நாளை வரவில்லை. என்னிடம் கேட்கவும் அவருக்கு மனம் வரவில்லை. என் கடிதம் லாச்சியில் இன்னும் கீழே போனது.

பதினான்கு நாள் கடந்தது. வரி சிவந்தது. வெள்ளிக்கிழமை நான் வயரை மாட்டினேன். திங்கள் ஒன்பதரைக்குக் கொழும்பிலிருந்து ரெலிபோன் வந்தது. அமிர்தநாயகம் ஐயா இங்கிலீசில் ஐந்து தரம் யெஸ் சொன்னார். பத்து மணிக்கு ரி.ஓ. மரியதாஸ் மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்.

மரியதாஸ் நல்ல மனிதர், பயந்தவர். வீடு இல்லை என்று எழுதினால் பொய், இருக்கிறது என்று எழுதினால் பெரிய கிளாக்கரின் கோபம். திரும்பி வந்து எனக்குச் சொன்னார்: உம்மு ஸல்மா நாடாவின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு அவரை ஒவ்வொரு சுவராகக் கூட்டிக்கொண்டு போனாராம். சுவர்த் தடிப்பு பதினான்கு அங்குலம் என்று அளந்து காட்டி, எழுதுங்கோ என்று நின்றாராம். எழுதாமல் அந்த ஒழுங்கையை விட்டு வெளிக்கிட ஏலாது என்று தனக்கு விளங்கிப் போய்விட்டது என்றார். மூன்று சுவர் நிற்கிறது, நாலாவது சரிந்திருக்கிறது, உடைமையாளர் பெயர் இன்னது. அறிக்கையை நான் ஏற்றினேன். ஏற்றியதும் மென்பொருள் தானாகவே அறிவித்தலை அச்சடித்துத் தந்தது. மூன்று மொழியிலும் இருந்தது. ‘மேற்படி கட்டடத்தை முப்பது நாட்களுக்குள் இடித்து அகற்ற வேண்டும் அல்லது பாதுகாப்பான நிலைக்குத் திருத்த வேண்டும்.’

அமிர்தநாயகம் ஐயா பேனாவை எடுத்து ‘அல்லது’ தொடங்கிக் கடைசிவரை வெட்டிவிட்டார். எல்லா மொழியிலும் வெட்டினார். வெட்டின தாளைத் தூக்கி, அறிவித்தல் வாங்க வந்திருந்த உம்மு ஸல்மாவிடம் நீட்டினார்.

அவர் அதை வாங்கவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“மெஷின் அடிச்சுத் தந்தது எனக்கு வேணும். இது நீங்கள் எழுதினது. நீங்கள் எழுதினதை நீங்களே வச்சுக்கொள்ளுங்கோ.”

“இது சபையின்ர அறிவித்தல்.”

“அப்ப வெட்டின இடத்தில கையெழுத்து வச்சுத் தாங்கோ. ஆர் வெட்டினது எண்டு கொழும்பில கேட்டால் காட்டத்தானே வேணும்.”

அவர் கையெழுத்து வைக்கவில்லை. பேனாவை மூடினார். பிறகு உள்ளே போய்விட்டார். நான் இன்னொரு பிரதி அடித்தேன். இம்முறை யாரும் வெட்டவில்லை. ஒப்பமிடும் அதிகாரம் ரி.ஓ.வுக்கும் இருந்தது. மரியதாஸ் ஒப்பமிட்டார்.

அந்த அறிவித்தலை எடுத்துக்கொண்டு உம்மு ஸல்மா சீமெந்து லொறியில் முன்னுக்கு இருந்து பாலத்துக்குப் போனார். நடந்ததை அவரே வந்து சொன்னார். சாவடியில் ஒரு சிப்பாய் சிங்கள வரிகளை இரண்டு தரம் வாசித்துவிட்டு அதிகாரியிடம் கொண்டுபோனாராம். அதிகாரி வெளியே வந்து, சபை வீட்டை இடிக்கவும் சொல்கிறது, திருத்தவும் சொல்கிறது, நீங்கள் எதைச் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாராம். இடிக்கிறதுக்கு ஆர் மாத்தையா சீமெந்து கொண்டு போறது என்று இவர் திருப்பிக் கேட்டாராம். நாற்பது மூடையும் தீவுக்குள் வந்தது.

அதற்கடுத்த கிழமை என் மேசைக்கு முன்னால் வரிசை. எல்லோரும் எருக்கலம்பிட்டி, எல்லோருக்கும் முறைப்பாடு, எல்லாம் தத்தம் வீட்டின் மேல். மூன்றாவதாக நின்றவர் மளிகைக் கடை வைத்திருந்த நுஃமான். வீடு யாருக்கு ஆபத்து என்று கேட்டேன், படிவத்தில் அந்தக் கேள்வி உண்டு. ஒழுங்கையில் போகிற சனத்துக்கு என்றார். ஒழுங்கையில் இப்போது சனமே இல்லையே என்றேன்.

“அப்ப எனக்கெண்டு போடுங்கோ. நான் உள்ளுக்க நிண்டு பாக்கப் போறன், விழுதா எண்டு.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அப்படியே போட்டேன். மரியதாஸ் அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் எருக்கலம்பிட்டிக்குப் போனார். நாடாவைப் பிடிக்க அங்கே ஆளுக்குப் பஞ்சமிருக்கவில்லை.

இருபத்தாறாம் நாள் உம்மு ஸல்மாவின் வீட்டில் ஓர் அறைக்குக் கூரை ஏறியது. முறைப்பாட்டை முடித்து வைக்க இரண்டாவது பரிசோதனை நடந்தது. அறிக்கையோடு மரியதாஸ் வந்தபோது உம்மு ஸல்மாவும் கூடவே வந்தார். மெஷினுக்குள் என்ன போகிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். பதிவைத் திறந்தேன். இம்முறை பூட்டில்லை. வெற்றுக்காணியை எடுத்துவிட்டு வீடு – குடியிருப்பு என்று மாற்றினேன். மாற்றினதும் மெஷின் இன்னும் இரண்டு கேட்டது. குடியிருப்பவர் பெயர். எந்த ஆண்டிலிருந்து.

அமிர்தநாயகம் ஐயா தன் மேசையிலிருந்து தலையைத் தூக்காமலே, இரண்டாயிரத்து ஆறு என்று போடு என்றார்.

உம்மு ஸல்மா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

“எழுபத்தொண்டு எண்டு போடுங்கோ புள்ள. என்ட வாப்பா வீட்டுத் திறப்பை என்ட கையில தந்த வருசம்.”

“நடுவில பதினாறு வருசம் நீங்கள் இங்க இல்லையே அம்மா,” என்றார் பெரிய கிளாக்கர். குரலில் பழைய சூடு இருக்கவில்லை. விதியைச் சொல்கிறவர் போலத்தான் சொன்னார்.

“நான் விட்டுட்டுப் போகேல்லை. போகச் சொன்னாங்க, ரெண்டு மணித்தியாலத்தில. அதை எழுத உங்கட மெஷினில ஒரு கட்டம் இருந்தால் காட்டுங்கோ, அதிலயும் எழுதுவம். இல்லாட்டி எழுபத்தொண்டு.”

அப்படி ஒரு கட்டம் இல்லை. நான் கீழே வரைக்கும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 1971 என்று அடித்தேன். மெஷின் ஏற்றுக்கொண்டது. திரையைத் திருப்பி, இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன். இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

அவர் எழும்ப, அந்தக் கதிரையில் நுஃமான் வந்து இருந்தார். அவருடைய இரண்டாவது அறிக்கையும் வந்திருந்தது. எந்த வருடம் என்று கேட்டேன். அறுபத்துநாலு என்றார். பெரிய கிளாக்கரின் பக்கம் பார்க்காமல் அடித்தேன்.