எழுத்து அழியாத பெல்ட்

என் வீட்டுக்காரர் ஒரு முடிவு எடுத்தால் அது சரியாகத்தான் இருக்கும். எடுத்தால். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லவே பதினோரு மாதம் எடுத்துக்கொண்ட மனிதர். ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் போடாமல் வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்புவார். எந்த மிஷினில் எந்தப் பாகத்தை எப்போது மாற்ற வேண்டும் என்று அங்கே சுவர் முழுக்க அட்டவணை ஒட்டி வைத்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அந்த ஞானத்தையும் கழற்றி வாசலில் விட்டுவிடுவார்.

எங்கள் காரின் டைமிங் பெல்ட் கதை இப்படித்தான் ஆரம்பித்தது. அது எஞ்சினுக்குள் ஓடுகிற, உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பட்டை. லட்சம் கிலோமீட்டர் அல்லது ஐந்து வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடவும் என்று காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அறுந்துபோனால் ஓடுகிற வண்டி ஓடுகிறபடியே நின்றுவிடும். எஞ்சினுக்குள் இருப்பதெல்லாம் ஒன்றோடொன்று மோதி வீணாகும். எங்கள் கார் தொண்ணூற்றெட்டாயிரத்தைத் தொட்டிருந்தது. வயது ஆறு.

"அஞ்சு வருஷம் போன வருஷமே முடிஞ்சிடுச்சே" என்றேன்.

"அது கம்பெனிக்காரன் தன்னைக் காப்பாத்திக்கப் போட்ட கணக்கு. நிஜமான ஆயுசு வேற. சீக்கிரம் மாத்தினா மிச்ச ஆயுசு வேஸ்ட். லேட்டா மாத்தினா எஞ்சின் காலி. நடுவுல சரியான நாள்னு ஒண்ணு இருக்கு. அதைக் கண்டுபிடிக்கணும்."

அதுவரைக்கும் அந்தக் காரை ஓட்டப்போவது யார்? நான். அவர் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தூங்கிக்கொண்டே போய் வருகிறவர். நான் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். போக முப்பத்தெட்டு கிலோமீட்டர், வர முப்பத்தெட்டு, எல்லாம் லாரிகள் பறக்கிற நெடுஞ்சாலை. பெல்ட் அறுந்தால் நடுரோட்டில் நிற்கப்போவது நான்தான். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு இவருடைய ஆராய்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாது.

என் வேலையில் ஒரு மருந்துப் பாட்டிலுக்குத் தேதி முடிந்தால் நேரே குப்பைத்தொட்டிதான். முக்கால் பாட்டில் மிச்சம் இருக்கிறதே என்று யாரும் உட்கார்ந்து அழுவதில்லை. இதை ஒருமுறை அவரிடம் சொன்னேன். "அதான் ஆஸ்பத்திரி பில் அப்படி வருது" என்றார்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வரைபடத் தாள் ஏறியது. தினமும் சாயங்காலம் நான் காரிலிருந்து இறங்கியதும் மீட்டரில் எத்தனை என்று ஒப்பிக்க வேண்டும். அவர் ஒரு புள்ளி வைத்து, ஸ்கேலால் கோடு இழுப்பார். வெயில் எவ்வளவு, எத்தனை தடவை பிரேக் போட்டேன் என்றெல்லாம் விசாரணை நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து அதில் காதை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். பல் டாக்டரிடம் கருத்துக் கேட்டார். முடி வெட்டுகிறவரிடமும் கேட்டார்; அவருடைய சித்தப்பாவின் வண்டி ஒன்றரை லட்சம் ஓடியதாம். அந்தச் சித்தப்பாவும் வரைபடத்தில் ஒரு புள்ளி ஆனார்.

கேட்காத ஒரே ஆள் மெக்கானிக். "அவன்கிட்ட கேட்டா மாத்துன்னுதான் சொல்வான்" என்றார். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகக்கூடாது என்கிற மாதிரிதான் இதுவும்.

"நானே கொண்டுபோய் மாத்திட்டு வரட்டுமா?"

"நான் முடிவு பண்ணாம அதுல கை வைக்காதே."

வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரை அவரிடம் கேட்காமல் மாற்றினேன். அது இன்னும் ஆறு மாதம் உழைத்திருக்கும் என்பதை நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுப்பதற்கு முன் அந்தக் கதையைக் கொடுப்பார்.

மூன்றாவது மாதம் ஒரு காலையில், நெடுஞ்சாலையின் நடு வரிசையில் ஒரு கார் செத்து நின்றது. பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி, கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நின்றாள். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே அவளை உரசினாற்போல் வளைந்து போயின. அவள் வண்டிக்கு என்ன கோளாறோ, எனக்குத் தெரியாது. ஓரமாக நிறுத்தி அவளைக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் கூட்டிவந்து உட்காரவைத்தேன். அப்புறம் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நேரே மெக்கானிக்கிடம் போனேன். மீட்டரில் லட்சத்து மூவாயிரம்.

பட்டறையில் ஒரு பழைய டயரின்மேல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக் பழைய பெல்ட்டை எடுத்து வந்து என் எதிரே மடக்கிக் காட்டினார். வெடிப்பு வெடிப்பாக இருந்தது. இரண்டு பல்லைக் காணோம்.

"இதை வச்சுக்கிட்டா மேடம் தினமும் ஹைவேல போனீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் இதை அவர் மடியில் போட வேண்டும் என்றுதான் வாங்கிக்கொண்டேன். வழியில் ஃப்ரிட்ஜ் ரப்பர் ஞாபகம் வந்தது. தையல் மிஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் போட்டு மூடிவிட்டேன். அன்று சாயங்காலமும் மீட்டர் ஒப்பித்தேன். அவர் கோடு இழுத்தார். நான் நிம்மதியாகக் கார் ஓட்டினேன், அவர் நிம்மதியாக முடிவெடுக்காமல் இருந்தார். எங்கள் இல்லறத்தில் இவ்வளவு ஒற்றுமையான மாதங்கள் அதற்கு முன் இருந்ததில்லை.

எட்டாவது மாதம், லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தில், அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மாற்றுவது என்று அல்ல, திறந்து பார்ப்பது என்று. லீவு போட்டு என்னையும் கூட்டிக்கொண்டு அதே பட்டறைக்குப் போனார். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பழைய டயரைப் பார்த்தேன். மெக்கானிக் குனிந்து மேல்மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினார்.

என் வீட்டுக்காரர் டார்ச் அடித்துக் குனிந்தார். வெகு நேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது முகத்தில் அப்படி ஒரு ஒளி.

"வெடிப்பு இல்ல. தேய்மானம் இல்ல. மேல அச்சடிச்ச வெள்ளை எழுத்துகூட அழியல. சும்மா சொல்லு, இது எப்படி இருக்கு?"

"பெல்ட் நல்லா இருக்கு சார்" என்றார் மெக்கானிக். பாவம், பொய் சொல்லவில்லை.

வீடு வரும்வரை அவர்தான் பேசினார். கம்பெனிக்காரன் ஊரை ஏமாற்றுகிறான். ஞாயிற்றுக்கிழமை தோறும் எஞ்சினைக் கேட்டது வீண்போகவில்லை. தொழிற்சாலையில் இதை வைத்து ஒரு வகுப்பே எடுக்கப்போகிறார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். வகுப்பு எடுக்கட்டும், எனக்கென்ன.

சாயங்காலம் என் தம்பிக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். தம்பியிடம் இருப்பதும் அதே கார். இவர் பேச்சைக் கேட்டு அதே மாதம் வாங்கியது. வாராவாரம் வெள்ளிக்கிழமை பெண்டாட்டியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் மாமியார் வீட்டுக்குப் போகிறவன்.

"நாளைக்கு மாத்தறதா மெக்கானிக்கிட்ட சொல்லியிருக்கேன் அத்தான். லட்சத்து எட்டாயிரம் ஆயிடுச்சு."

"வேண்டாம்னு சொல்லிடு மச்சான். இன்னைக்கு என் கண்ணால பார்த்தேன். எழுத்துகூட அழியல. இன்னும் அம்பதாயிரம் ஓட்டலாம்."

"அப்படியா? நீங்க பார்த்துச் சொன்னா சரிதான் அத்தான். வேண்டாம்னு சொல்லிடறேன்."

நான் எழுந்து போய் டிராயரைத் திறந்தேன். நூல்கண்டுகள் தரையில் உருண்டன. பெல்ட்டைக் கொண்டுவந்து மேஜையில் போனுக்குப் பக்கத்தில் போட்டேன்.

"தம்பி, நான் பேசறேன். உங்க அத்தான் பார்த்தது நான் அஞ்சு மாசம் முன்னாடி மாத்தின புது பெல்ட். பழசு இங்க என் முன்னாடி இருக்கு. ரெண்டு பல்லு இல்ல. நாளைக்குப் போய் மாத்து. மாத்தற வரைக்கும் குழந்தைங்களை அந்த வண்டில ஏத்தாதே."

"சரிக்கா" என்று வைத்துவிட்டான்.

இவர் பெல்ட்டைக் கையில் எடுத்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டார். மடக்கிப் பார்த்தார், பல் பல்லாக விரலை நகர்த்தி எண்ணினார். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து தாளை எடுத்து வந்து பக்கத்தில் விரித்தார். மூன்று மாதம் தன் பெண்டாட்டி இதை நம்பி லாரிகளுக்கு நடுவே போய் வந்திருக்கிறாள் என்பது இப்போதாவது உறைக்கும் என்று எதிரே நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்றுகூட இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"லட்சத்து மூவாயிரத்துலயா மாத்தினே?"

"ஆமா."

"அவசரப்பட்டுட்டே. இன்னும் ரெண்டாயிரம் தாராளமா ஓடியிருக்கும்."