சீல் பிரிக்காத பச்சைத் தேயிலை க்ரீம்

வீடு வீடாக க்ரீம் விற்கும் யோன்சிம், பெரியவர் கில்சூவின் எதிரே தரையில் உட்கார்ந்து, அவருடைய புறங்கையில் பச்சைத் தேயிலை க்ரீமைத் தடவி விரல் விரலாக நீவிவிட்டாள்.

"இதுல ஆன்டிஆக்சிடன்ட் இருக்குய்யா. தோல் சுருங்கவே சுருங்காது."

"இந்தத் தேயிலை எங்க வீட்டுக்குப் பின்னாடி மலை பூராக் கெடக்கு. அதையே டப்பாவுல அடைச்சு எனக்கே விக்கிறியே, பலே ஆளும்மா நீ!"

அவள் சிரித்தாள். அவர் வழக்கம்போல ஒரு டப்பா வாங்கிக்கொண்டார். அவள் போனதும் வீடு மறுபடி ஓசையற்றுப் போனது.

கில்சூ, தேயிலை விளையும் கொரிய ஊரான போசொங்கில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் பேசியது. க்ரீம் விற்க யோன்சிம் வரும் செவ்வாய்க்கிழமைகளில் அவர் முகம் மழித்து, பார்லி டீ கொதிக்க வைத்துவிட்டு, வாசல் பக்கமே காதை வைத்திருப்பார்.

தாயின் திதிக்கு சியோலிலிருந்து வந்த மகன் கியூமின், போர்வை எடுக்க அலமாரியைத் திறந்தான். க்ரீம் டப்பாக்கள் சரிந்து காலடியில் விழுந்தன. ஒன்றில்கூட சீல் பிரிக்கப்படவில்லை. உடனே கம்பெனிக்குப் போன் செய்து கத்தினான். அன்று மாலையே மேலாளர் யோன்சிமை அழைத்து வந்துவிட்டார்.

"எங்கப்பாவுக்கு ஞாபக மறதி. அதைத் தெரிஞ்சுக்கிட்டு இந்தம்மா தலையில கட்டியிருக்காங்க!"

"ஐயா தெனமும் பூசுறாருன்னுதான் நெனச்சேன் சார்," என்றாள் யோன்சிம்.

மேலாளர் கில்சூவிடம் குனிந்தார். "ஐயா, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னிக்கே இவங்களை வேலையை விட்டு எடுத்துடறேன்."

ஆமாம் என்றால் மானம் தப்பும். மறதிக்காரக் கிழவன் என்று இரக்கப்படுவார்கள், அவ்வளவுதான். உண்மையைச் சொல்வதுதான் கூச்சமாக இருந்தது. கில்சூ யோன்சிமைப் பார்த்தார். அவள் நிமிரவே இல்லை.

"எனக்கு ஒரு மறதியும் இல்லடா. தெரிஞ்சேதான் வாங்கினேன். வாங்கலேன்னா இந்தப் பொண்ணு எதுக்கு இங்க வரப்போகுது? உங்கம்மா போனதுக்கப்புறம் என் கையைத் தொட்டவ இவ ஒருத்திதான்."

மேலாளர் யோன்சிமிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவளையும் அழைத்துக்கொண்டு வெளியேறினார்.

கியூமினின் முகம் வெளுத்தது. "நான்தான் மாசம் தவறாமப் பணம் அனுப்பறேனேப்பா..."

"அதுலதான்டா வாங்கினேன்."

கியூமின் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அப்பாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். எப்படிப் பிடிப்பதென்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"பணம் அனுப்பிட்டா பெத்தவனைப் பாத்துக்கிட்டதா ஆயிடாதுடா," என்றார் கில்சூ. "அப்பப்ப வந்து பக்கத்துல உக்காரணும்."