லேசு வேலை

என் பெண்சாதி கத்தரீனாளுக்கு முதல் ஊசியைத் திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குப் போட்டார்கள். இரண்டாவது ஊசி செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு. அதற்கு மேலும் ஒரு நாள் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இருந்துவிட்டால் அதன் நுரையீரல் கொஞ்சம் தேறிவிடும் என்றார் டாக்டரம்மா. முப்பத்தோரு வாரம்தான் ஆகியிருந்தது. அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார். என் மண்டையில் நின்றது ஒன்றுதான்: புதன்கிழமை நான்கு மணி வரை மறுபடி பிரசவ வலி வரக்கூடாது.

தோட்டத்திலிருந்து தேனி ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் இறங்கி வந்தோம். போடிமெட்டு வளைவு ஒவ்வொன்றிலும் அவள் என் தோளைப் பிடித்தாள். நான் மாதாவைப் பிடித்தேன். வலியை நிறுத்த மருந்து ஏற்றினார்கள். ராத்திரி அடங்கியது. ஆனால் அடங்கினதை நம்ப முடியவில்லை.

சேர்க்கும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், "என்ன வேலை பாக்குறாங்க?"

"ஏலத்தோட்டத்துல காய் எடுக்கிறா டாக்டர்."

"பூச்சி மருந்து பக்கத்துல நிக்கிற வேலை ஏதாவது உண்டா?"

"இல்ல டாக்டர்."

பொய். கேட்ட மறுநொடியே சொல்லிவிட்டேன். பேச்சில் கெட்டிக்காரன் என்று எனக்குத் தோட்டத்தில் பெயர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும்.

எங்கள் பக்கம் வயிறு தெரிய ஆரம்பித்த பெண்ணுக்கு லேசு வேலை கேட்டு வாங்கித் தருவது புருஷன் பொறுப்பு. கேட்க வக்கில்லாதவனை லயத்து வீடுகளில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். சரிவில் ஏறி இறங்கி, தூருக்குத் தூர் குனிந்து காய் எடுப்பது வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு ஆகாது. அதனால் மூன்று மாதத்துக்கு முன் கங்காணியிடம் போய் நின்றேன். ஸ்டோரில் காய் பொறுக்குகிற வேலைக்கு ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்தது. பூச்சி மருந்து கலக்குகிற டிரம்முக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார். விழுந்தடித்துச் சரி என்றேன்.

நல்ல நிழல், சமதரை. மருந்தை மூடியில் அளந்து டிரம்மில் ஊற்ற வேண்டும், கம்பால் கலக்க வேண்டும், தண்ணீர் குறைந்தால் குழாயைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான். ஓஸ் குழாயைப் பிடித்து மருந்து அடிக்கிறவன் நான். நனைகிறவனும் நான்தான். விஷமெல்லாம் அடிக்கிறவனுக்கு, கலக்குகிறவளுக்கு என்ன வந்தது என்பதுதான் எங்கள் எல்லோருடைய நினைப்பும். பன்னிரண்டு வருஷமாக மருந்து அடிக்கிறேன். நான் அடிப்பது தண்ணீரில் கரைத்தது, அவள் கையில் படுவது கரைக்காதது என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. டாக்டரம்மா கேட்ட பிறகுதான் உறைத்தது.

இடையில் அவள் தலைவலி என்று சொன்னாள், குமட்டுகிறது என்று சொன்னாள். பிள்ளைத்தாச்சிக்கு அதெல்லாம் இல்லாமல் எப்படி என்று கிண்டல் செய்தேன். கையுறை கிழிந்துவிட்டது என்றபோது மட்டும் கங்காணியிடம் கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் பார்வையாளர் நேரம். நான் போய்க் கட்டிலருகே உட்கார்ந்ததும் அவள் ஆரம்பித்தாள்.

"வெள்ளிக்கிழமை ரெண்டு குடம் தண்ணி தூக்கினேன்ல. அதனாலதான் இப்படி ஆயிருச்சு."

நான் போர்வையை இழுத்து விட்டேன்.

"எட்டு மாசத்துப் பிள்ளை நிக்காதுன்னு சொல்வாகளே. நானே என் பிள்ளைக்கு எமனாயிட்டேனா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் கேள்வி வருமே என்று பயந்து, "சும்மா இரு புள்ள, அழக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக," என்றேன். பழியை அவளே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்போது போன் அடித்தது. பக்கத்து வீட்டு ஜோபி. அவன் பெண்சாதி அன்னமேரிக்கு இது நாலாம் மாதம். ஐந்து வருஷம் நோன்பிருந்து உண்டான பிள்ளை.

"ஸ்பீக்கர்ல போடுங்க. அன்னமேரி சாப்பிடுறாளான்னு கேக்கணும்," என்றாள் கத்தரீனாள். போட்டேன்.

"அண்ணே, மதினி எப்படி இருக்காக? ஒரு சந்தோசமான சேதி. அன்னமேரிக்கும் லேசு வேலை கெடச்சிருச்சு. மதினி நின்ன எடந்தான். அன்னைக்கு நீங்க போயி கேட்டு வழி தொறந்து விட்டதுனாலதான் எனக்கும் கேக்கத் தைரியம் வந்துச்சு."

"நல்லதாப் போச்சு," என்றாள் கத்தரீனாள், படுத்தபடியே சிரித்து. "நெழல்ல நிக்கலாம்."

இரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான். வெளியே போய் ஜோபியிடம் தனியாகச் சொல்லிவிடலாம். அவன் அன்னமேரியிடம் சொல்வான், அவள் உடனே கத்தரீனாளைக் கூப்பிடுவாள். நாளை நான்கு மணிக்குப் பிறகு சொல்லலாமா? ஒரு நாள்தானே, ஒரு நாளில் என்ன ஆகிவிடும்? அவளை அதிரவைக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதையும் துணைக்கு இழுத்துக்கொண்டேன்.

"எப்பயிருந்துடா வேலை?" என்று கேட்டேன்.

"மத்தியானத்துல இருந்தேண்ணே. இந்தா, டிரம்மு பக்கந்தான் நிக்கிறா. கலக்கிக்கிட்டு இருக்கா."

பின்னால் மோட்டார் ஓடுவது கேட்டது.

"ஜோபி, அவள அங்கயிருந்து கூப்பிடு," என்றேன். "இப்பவே. கையைச் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லு. துணிய மாத்தச் சொல்லு. அந்த வேலை வேண்டாம்டா."

"ஏண்ணே? என்ன ஆச்சு?"

கத்தரீனாளின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னேன். "மருந்து பக்கம் நின்னாளான்னு டாக்டர் கேட்டாக. வயித்துப் பிள்ளைக்கு அது ஆகாதாம்டா. நான்தான் ஒங்க மதினிய அங்க நிறுத்துனேன். நீயும் நிறுத்தாத."

அவன் போனை வைக்கவே இல்லை. அன்னமேரியைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே ஓடுவது கேட்டது. நான்தான் அணைத்தேன்.

கத்தரீனாள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். வலியா என்று கேட்கப் போனேன். அவள்தான் கேட்டாள்.

"டாக்டர் கேட்டப்ப நீ என்ன சொன்ன?"

கல்யாணமான ஆறு வருஷத்தில் என்னை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"காய் எடுக்கிற வேலைன்னு சொன்னேன். மருந்து பக்கம் இல்லைன்னு சொன்னேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்கு மணிக்கு டாக்டரம்மா ஊசியோடு வந்தார். நான் எழுந்து வாயைத் திறப்பதற்குள் கத்தரீனாளே சொன்னாள்.

"டாக்டர், நான் காய் எடுக்கல. மூணு மாசமா மருந்து கலக்குனேன். கையுறையும் கிழிஞ்சு போச்சு."

டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்தேன். என்ன மருந்து, பெயர் என்ன என்று கேட்டார். எங்கள் இருவருக்குமே டப்பாவின் நிறம்தான் தெரியும். டப்பாக்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஜோபிக்குப் போன் போட்டேன்.

"இதனாலதான் வலி வந்துச்சுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. வேற காரணமும் இருக்கலாம்," என்றார் டாக்டரம்மா. "ஆனா நேத்தே சொல்லியிருக்கணும். பிள்ளை பிறந்தா எதையெதைப் பாக்கணும்னு எங்களுக்குத் தெரியணும்ல?"

ஊசி போட்டு, பிள்ளையின் இதயத்துடிப்பைக் கருவி வைத்துக் கேட்டார். சீராக இருக்கிறது, இப்போதைக்கு வலி இல்லை, நாளை வரை இப்படியே போகட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. நர்ஸ் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"கத்தரீனா, நான் தெரியாம..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாதீங்க," என்றாள். குரல் உயரவில்லை. மூச்சை நிதானமாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு இப்பக் கோவம் வரக்கூடாது. வந்தா வயிறு இறுக்குது. நாளைக்கு நாலு மணி வரைக்கும் ஒரு வார்த்தை பேசாதீங்க. அதுக்கு மேல ஒங்களப் பேசிக்கிறேன்."

வராந்தாவில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். வாய் ஓயாமல் பேசுகிறவன், கேட்டவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் என்னைத் திட்டப்போகிற அந்த நான்கு மணி வந்துவிட வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.