செட் ஆகாத சம்பந்தம்

பல் மேஸ்திரிக்கு அடுத்தவர் வாயை மேசைமேல் வைத்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் பட்டறையில் உட்கார்ந்து பல் செட் செய்து கொடுப்பார். வாய்க்குச் சொந்தக்காரர்களோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. அந்த வழக்கத்தைச் சம்பந்திக்காக மீறினார். வந்தது வினை.

மகள் தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்ல, இரண்டு வீட்டிலும் பேசி முடித்தாகிவிட்டது. பையனின் அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஹார்ன் இல்லாமலே தெருவை விலக்கக்கூடிய குரல். வாயில் பல் மட்டும் இல்லை. "கல்யாண போட்டோவுல நீங்க சிரிக்கணும் சம்பந்தி" என்று சொல்லி, மேஸ்திரி தம் கையாலேயே மேலும் கீழுமாக ஒரு செட் செய்து கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் வீட்டுக்குப் போன் வந்தது. மேஸ்திரி பட்டறைக்குப் போய்விட்டார், மனைவி எடுத்தாள்.

"சம்பந்தியம்மா, செட் ஆகலை. நானும் எவ்வளவோ பொறுத்துப் பார்த்துட்டேன். விட்டுரலாம்" என்றார் டிரைவர்.

அந்த அம்மாளுக்குக் காது அடைத்தது. ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. "எங்களுக்கு மட்டும் செட் ஆச்சாக்கும்? உங்க வீட்ல அஞ்சு பேரும் ஒரே நேரத்துல கத்துறீங்க. பொண்ணு முகத்துக்காகத்தான் பேசாம இருந்தோம்" என்று சொல்லிப் போனை வைத்தாள். உடனே பட்டறைக்கு அடித்தாள்.

"ஏங்க, செட் ஆகலையாம். விட்டுரலாம்னு சொல்றார்."

மேஸ்திரி அசரவில்லை. "முதல்ல அப்படித்தான் இருக்கும். எங்க உறுத்துதுன்னு பார்த்து லேசாத் தேய்ச்சு விட்டா சரியாயிடும்."

"யாரைத் தேய்க்கப் போறீங்க?"

"அப்பவும் ஒத்துவரலைன்னா வேற ஒண்ணு பண்ணிக் கொடுத்துரலாம்."

"பெத்த அப்பன் பேசுற பேச்சா இது!"

போன் கட் ஆனது. பல் செட்டுக்குத் தாம் எப்படி அப்பன் ஆனோம் என்று சிறிது யோசித்துவிட்டு, மேஸ்திரி தேய்க்கிற மெஷினை எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினார்.

அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. பல் செட் டீப்பாய்மேல் ஒரு தம்ளர் தண்ணீரில் கிடந்தது.

"வாயைத் திறங்க சம்பந்தி."

"திறக்கிற மாதிரியா உங்க வீட்டம்மா பேசினாங்க?" என்றார் டிரைவர். நடந்ததை அவர் மனைவி ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள்.

மேஸ்திரிக்கு விஷயம் விளங்கியது. "ஐயோ, நீங்க பல்லைச் சொன்னீங்க. அவ கல்யாணத்தைச் சொல்றீங்கன்னு நினைச்சுட்டா."

"நான் பல்லைத்தான் சொன்னேன். அவங்க எங்களைத்தானே சொன்னாங்க?"

அது உண்மைதான். அதைத் தேய்க்க மேஸ்திரியிடம் மெஷின் இல்லை. தம்ளரிலிருந்து செட்டை எடுத்துத் துடைத்தார்.

"சம்பந்தி, எனக்கும் அவளுக்குமே இன்னும் முழுசா செட் ஆகலை. இத்தனை வருஷத்துல நான் எப்பவாவது விட்டுரலாம்னு சொன்னேனா?"

"இங்க மட்டும் என்ன வாழுதாம்" என்று முதலில் சிரித்தது டிரைவரின் மனைவிதான். பிறகு டிரைவரும் வாய்விட்டுச் சிரித்தார். கீழ் ஈறில் சிவந்திருந்த இடம் அப்போது நன்றாகத் தெரிந்தது. மேஸ்திரி அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. அங்கேயே உட்கார்ந்து தேய்த்து மாட்டிவிட்டுத்தான் வந்தார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் மனைவிக்குப் பயம் போய் வெட்கம் வந்தது. சாயங்காலம்வரை அந்தப் போனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் எடுத்தாள்.

"அண்ணா, காலையில நான் சொன்னது எங்க டிவி செட்டைப் பத்தி. அதுலதான் அஞ்சு பேர் ஒரே நேரத்துல கத்துறாங்க."



"எங்க வீட்டு செட்டும் அப்படித்தாம்மா" என்றார் டிரைவர், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. "சத்தத்தைக் குறைச்சு வைக்கிறோம்."

மேஸ்திரி எழுந்து போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தார். காலையில் நின்று சாயங்காலம் மறுபடி நிச்சயமான தன் கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத மகள், வேலையிலிருந்து வந்து, டிவிக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"ரிப்பேர்" என்றார் மேஸ்திரி.