டிரம்முக்குள் ஒரு சிவப்பு வளையம்

என் வருங்கால மாமியார் ஈடித் ஹெட்லண்ட் இரண்டு வருடமாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. யாரிடம் அறிமுகப்படுத்தினாலும் "இது நெல்ஸோட சிநேகிதி" என்பார். நிச்சயதார்த்த மோதிரம் போட்ட பிறகும் அதேதான். கல்யாணத்துக்கு மூன்றே வாரம் இருந்தது.

அதனால்தானோ என்னவோ, அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்று தொடங்கும் முன் தலைமை நடுவர் ஓரின் என்னை ஓரமாக அழைத்துப் போய் மெதுவாகக் கேட்டார்.

"ஈடித் சுடும்போது உனக்குப் பதிலா வேற ஆளைப் போடட்டுமா? ஒரே குடும்பமாகப் போறீங்க. எதுக்கு வம்பு?"

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஈடித்தின் குரல் வந்தது.

"எதுக்கு மாத்தணும்? இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவையாவது என்னை வெளியே அனுப்பியிருக்கியா, ஓரின்?"

"இல்ல தாயே."

"அப்போ நெல்ஸோட சிநேகிதியே நிக்கட்டும். பார்த்துக் கத்துக்கட்டும்."

எங்கள் போட்டியில் ஒரே ஓட்டத்தில் மூன்று துப்பாக்கி. முதலில் ஷாட்கன், பிறகு ரைபிள், கடைசியில் இடுப்பில் இருக்கும் கைத்துப்பாக்கி. ஒன்றை முடித்ததும் வழியில் சாய்த்து வைத்திருக்கும் டிரம்முக்குள் அதை இறக்கிவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டும். இறக்கும்போது துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் விசை அழுந்தாமல் தடுக்கும் சேஃப்டியைப் போட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், அது ஆளுநரே ஆனாலும் அன்றைய போட்டி அத்துடன் முடிந்தது. ஓரின் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு சுடுபவர் கூடவே ஓடுவார். டிரம்களைப் பார்ப்பது என் வேலை. ஓட்டம் முடிந்ததும் டிரம்முக்குள் கைவிட்டுத் துப்பாக்கியை வெளியே எடுப்பவளும் நான்தான்.

எனக்குச் சுடுவதில் பெரிய ஆர்வம் கிடையாது. நெல்ஸுக்காகத்தான் கிளப்புக்கு வந்தேன். வாரம் ஐந்து நாள் விச்சிட்டாவில் ஒரு பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கச் சின்ன இடுக்குகளையே பார்த்துப் பழகிய கண் என்பதால், நடுவர் வேலை எனக்குச் சட்டென்று ஒட்டிக்கொண்டது.

அன்று ஈடித் கையில் இருந்தது நாங்கள் வாங்கிக் கொடுத்த புது ஷாட்கன். அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு நானும் நெல்ஸும் சேர்ந்து கொடுத்தது. தேர்ந்தெடுத்தது நான். பெட்டியைப் பிரித்து, தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "லேசா இருக்கு" என்றார். அவ்வளவுதான். ஆனால் பழையதை வீட்டில் வைத்துவிட்டு இதைத்தான் போட்டிக்குக் கொண்டுவந்திருந்தார். காலையில் அதைப் பார்த்ததிலிருந்து எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் ஓடிக்கொண்டே இருந்தது.

பெண்கள் பிரிவில் அதுவரை அவர்தான் முதலிடம். ஜெயிப்பவர் தேசியப் போட்டிக்குப் போகலாம். மூன்று முறை இரண்டாம் இடத்தோடு திரும்பியவர்.

மணி ஒலித்தது. கான்சாஸ் காற்று காதை அடைத்தது. இரும்புத் தகடுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. இடுப்புப் பட்டையிலிருந்து தோட்டாக்களை நான்கு நான்காக உருவித் திணிக்கும் வேகத்தைப் பார்த்தால் அறுபது வயது என்று சொல்ல மாட்டீர்கள். கடைசித் தகடும் விழுந்தது. ஓடி வந்து ஷாட்கன்னை டிரம்முக்குள் இறக்கினார். அவர் கட்டைவிரல் பின்னால் தள்ளியதை என் கண்ணாலேயே பார்த்தேன். 'போட்டுவிட்டார்' என்று மூச்சு விட்டேன். அவர் ரைபிளை நோக்கி ஓடினார்.

கடமைக்காகத்தான் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன்.

விசைக்குப் பின்னால் ஒரு பொத்தான். அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் தெரிந்தது. சிவப்பு தெரிந்தால் சேஃப்டி போடவில்லை, சுடத் தயார் என்று அர்த்தம்.

தோட்டா தீர்ந்திருந்தால், குண்டறையை மூடும் பூட்டு பின்னால் திறந்து நின்றிருக்கும். மூடியிருந்தது. காலியாக இருந்தும் எப்போதாவது மூடிக்கொள்வதுண்டு. அந்த 'எப்போதாவது'வை நம்பி ஒரு கணம் நின்றேன்.

எல்லோர் கண்ணும் ஈடித் மேல் இருந்தது. பொத்தானுக்கும் என் விரலுக்கும் ஒரு முழம்கூட இல்லை. ஒரு அழுத்து அழுத்தினால் சிவப்பு மறைந்துவிடும். அவர் ஜெயிப்பார், தேசியப் போட்டிக்குப் போவார், கல்யாணத்தில் சிரித்த முகமாக நிற்பார். சேஃப்டி போட்டேன் என்று நம்பிக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

அந்தக் கடைசி நினைப்புதான் என்னை உலுக்கியது.

கழுத்தில் தொங்கிய விசிலை மறந்து, "நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

ஓரினும் "நிறுத்து!" என்றார். ஈடித் அந்த இடத்திலேயே அசையாமல் நின்றார். விரல் விசையை விட்டு வெளியே வந்தது. குழல் எதிர் மண்மேட்டைப் பார்த்தபடியே இருந்தது. ஓரின் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு எங்களிடம் நடந்து வந்தார்.

"என்ன?"

"ஷாட்கன்ல சேஃப்டி போடல, மிஸஸ் ஹெட்லண்ட்."

"போட்டேன்."

"நீங்க விரலைத் தள்ளினதைப் பார்த்தேன். ஆனா..."

"அதான் பார்த்தேல்ல? நேத்து விசில் மாட்டிக்கிட்டு வந்தவ, எனக்குச் சேஃப்டி போடத் தெரியலைங்கிறியா?"

"அடிப்பாவி, கல்யாணத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்கடா" என்றார் எங்கள் குழுவில் இருந்த டெல்பர்ட். யாரும் சிரிக்கவில்லை.

ஓரின் டிரம்முக்குள் பார்த்தார். "ஈடித், நீயே வந்து பாரு. கைய மட்டும் வைக்காத."

அவர் குனிந்து பார்த்தார். ஓரின் துப்பாக்கியை எடுத்துப் பூட்டை இழுத்தார். மஞ்சள் தோட்டா ஒன்று துள்ளி விழுந்து ஈடித்தின் பூட்ஸ் பக்கத்தில் உருண்டு நின்றது.

"இல்ல, நான் இப்படி..." என்று ஈடித் வெறுங்கையால் செய்து காட்டினார். கட்டைவிரல் துப்பாக்கிக் கட்டையின் மேல்பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் காற்றைத் தள்ளியது. அவருடைய பழைய துப்பாக்கியில் சேஃப்டி இருந்த இடம் அது. புதியதில் அந்த இடம் வெறும் வழவழப்பு. தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

"அடக் கடவுளே" என்றார் மெதுவாக.

"நான்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்" என்று சொல்ல வந்தேன். அதற்குள் ஓரின், "இன்னிக்கு அவ்வளவுதான், ஈடித்" என்றார். அவர் மூன்று துப்பாக்கிகளையும் பையில் போட்டார். அவருடைய வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனது.

வேறு குழுவில் சுட்டுக்கொண்டிருந்த நெல்ஸ், செய்தி கேட்டு ஓடி வந்தான்.

"அம்மா போயிட்டாங்களா?"

"நான்தான் அனுப்பினேன்."

"உனக்கு வேற வழி இருந்துச்சா, சொல்லு?"

"இருந்துச்சு, நெல்ஸ். ஒரு முழம் தூரத்துல."

அவன் ஒட்டுத்தாள் சுருளை என் கையில் கொடுத்தான். இரண்டு பேரும் போய் அட்டை இலக்குகளில் விழுந்த ஓட்டைகளை ஒட்டினோம். ஒட்டும்போது ஒருமுறை என் தோளைத் தொட்டான். அதற்குத்தான் கண் கலங்கியது.

முக்கால் மணி நேரம் கழித்து அதே வண்டி திரும்பி வந்தது. ஈடித் பின்கதவைத் திறந்து ஒரு ஐஸ் பெட்டியை இழுத்து வைத்தார். வெளியேற்றப்பட்டவர் குழுவுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் கிளப் வழக்கம். ஐஸ்கிரீம் கிடைக்கும் பக்கத்துப் பெட்ரோல் பங்க் பதினான்கு மைல்.

டெல்பர்ட் முதல் ஆளாகக் கை நீட்டினார். ஈடித் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"நீ கடைசி. பேசின பேச்சுக்கு உனக்கு உருகினதுதான். ரோவினாவுக்கு முதல்ல."

"யாருக்கு? நெல்ஸோட சிநேகிதிக்கா?"

"அவளுக்குப் பேர் இருக்கு, டெல்பர்ட்."

வண்டியின் பின்கதவில் நானும் அவரும் உட்கார்ந்தோம். இரண்டு பேரும் ஐஸ்கிரீமைத் தின்று முடித்தோம். குச்சியை மடக்கி உடைத்துவிட்டுச் சொன்னார்.

"நீயே அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அழுத்தியிருந்தா அடுத்த தடவையும் உங்க விரல் அங்கேதான் போயிருக்கும்."

"ம். யாரோ ஒருத்தர் கை டிரம்முக்குள்ள இருந்திருக்கும்." என் கையைப் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தாரா, விரல்களைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. "ரொம்பக் கோபம் வந்துச்சு, தெரியுமா? பாலத்துக்கிட்ட போற வரைக்கும் உன்னைத்தான் திட்டிக்கிட்டே போனேன். அப்புறம் ஸ்டியரிங் மேல பார்க்கிறேன், இந்தக் கட்டைவிரல் தானா தள்ளிக்கிட்டிருக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவரும்.

"வியாழக்கிழமை வேலை முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வா. தோட்டா இல்லாம ஐநூறு தடவை போட்டுப் பழகப் போறேன். பொத்தானை மட்டும் பார்க்க ஒரு கண்ணு வேணும். நெல்ஸ் பத்தாவது தடவையே தூங்கிடுவான்."

"கல்யாணக் கேக் பார்க்கப் போகணும்னு இருந்தோமே..."

"கேக்கை நான் பேசிக்கறேன். நீ வா."

"சரி, வர்றேன். எதிர்ல ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கறேன்."

"எதிர்லயா?" ஈடித் நிமிர்ந்து என்னை முறைத்தார். "துப்பாக்கிக்கு எதிர்ல உட்கார்றவளுக்கு யாருடி நடுவர் விசில் குடுத்தது? பக்கத்துல, ரோவினா. என் பக்கத்துல உட்காரு."